பிக்கப் இல்லாத விமானம்

பழைய கார் ஓட்டியிருக்கிறீர்களா?

இன்றைக்கு வருகிற கார் இல்லை. பானட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி மட்டும் தெரியுமே, அது இல்லை. சோக்கை இழுத்து, சாவியைத் திருகி, முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஸ்டார்ட் பண்ண வேண்டிய கார். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வகையறா.

ஓட்டியிருந்தால் இதையும் அனுபவித்திருப்பீர்கள். சிக்னலில் நிற்கிறீர்கள். பச்சை விழுகிறது. கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீர்கள். வண்டி பாய வேண்டும். பாயவில்லை. ஒரு கணம் யோசிக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்ட விருந்தாளி மாதிரி உள்ளே போகலாமா, வேண்டாமா என்று தயங்குகிறது. அப்புறம் ஒரு குலுக்கல், ஒரு இருமல். பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹார்னிலிருந்து கையை எடுப்பதே இல்லை. நீங்கள் இன்னும் பலமாக மிதிக்கிறீர்கள். வண்டி இன்னும் மோசமாக இருமுகிறது.

மெக்கானிக்கிடம் போய், 'பிக்கப்பே இல்லைங்க' என்கிறீர்கள். இங்கே இரண்டு வகை மெக்கானிக்குகள் உண்டு. முதல் வகை உடனே பானட்டைத் திறந்து, கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றுவார். பிளக் மாற்றுவார், பாயின்ட் மாற்றுவார், கார்புரேட்டரைப் பிரித்துப் போடுவார். பில் வரும். பிக்கப் வராது.

இரண்டாவது வகை ஆள் பானட்டைத் தொடவே மாட்டார். பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கேள்வி கேட்பார். 'எப்ப சார் திணறுது? காலைல எடுக்கும்போதா, சூடானப்புறமா? மிதிச்ச உடனேயா, ஓடிக்கிட்டிருக்கும்போதா? புகை வருதா? வெள்ளையா, கறுப்பா?'

என்ன இந்த மனுஷன், வண்டியைப் பார்க்காமல் ஜோசியம் கேட்கிறாரே என்று உங்களுக்குத் தோன்றும். விஷயம் அங்கேதான் இருக்கிறது. கேள்வி சரியாக இருந்தால் பாதி ரிப்பேர் முடிந்தது.

இதே கேள்விகளை 1940-ல் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது காருக்காக இல்லை. ஹிட்லரின் விமானங்களைத் துரத்திக்கொண்டு போகும்போது நடுவானில் திணறி நின்ற போர் விமானங்களுக்காக. அவர் ஒரு பெண். அவர் கண்டுபிடித்த தீர்வு நம் வீட்டுக் குழாயில் போடுகிற வாஷர் அளவுதான் இருக்கும்.

அந்தக் கதைக்குள் போவதற்கு முன்னால், கார்புரேட்டர் என்கிற வஸ்துவை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் அதன் பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார்.

*

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பந்து மிதக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறும். ஒரு உயரத்துக்கு வந்ததும் குழாயை மூடிவிடும். தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும். குழாய் திறக்கும். யாரும் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியதில்லை.

கார்புரேட்டரிலும் இதே ஏற்பாடுதான். தொட்டிக்குப் பதில் ஒரு சின்னக் கிண்ணம். தண்ணீருக்குப் பதில் பெட்ரோல். பந்துக்குப் பதில் ஒரு மிதவை. கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும். பக்கத்திலேயே இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற குழாய். அந்தக் காற்று வேகமாகப் போகும்போது, கிண்ணத்திலிருந்து ஒரு மெல்லிய துளை வழியாகப் பெட்ரோலைப் பூந்தூறலாக இழுத்துக்கொண்டு போகும். சென்ட் பாட்டிலில் 'புஸ்' என்று அடிக்கிறோமே, அதே மாதிரி. இப்படித் தூவுகிற கார்புரேட்டரை ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் செய்தார். பிறகு ஏறக்குறைய நூறு வருடம் உலகத்துக் கார்களெல்லாம் அந்த வழியில்தான் ஓடின.

இதில் அளவு முக்கியம். ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய பதினைந்து கிலோ காற்று வேண்டும். காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் திணறும். பெட்ரோல் கூடிக் காற்று குறைந்தாலும் திணறும்! முதலாவது பட்டினி. இரண்டாவது அஜீரணம்.

ஓட்டுகிற உங்களுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். பிக்கப் இல்லை, அவ்வளவுதான். வைத்தியம் மட்டும் நேர் எதிர். பட்டினி கிடப்பவனுக்குச் சோறு போட வேண்டும். அஜீரணக்காரனுக்குச் சோற்றை நிறுத்த வேண்டும். மாற்றிச் செய்தால்?

1940-ல் இங்கிலாந்தின் வானத்தில் இந்தக் கேள்விக்கு உயிர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

*

இரண்டாம் உலக யுத்தம். ஃபிரான்ஸ் விழுந்துவிட்டது. ஐரோப்பாவின் மேற்குக் கரையில் பெரும்பகுதி ஹிட்லர் கையில். நடுவே ஒரு கால்வாய். அந்தப் பக்கம் இங்கிலாந்து. 1940 ஜூலையில் ஆரம்பித்து அக்டோபர் வரை நடந்த ஆகாயப் போரை 'பிரிட்டன் யுத்தம்' என்று சரித்திரம் சொல்கிறது. வானம் கைமாறினால் தேசம் கைமாறும். நிலைமை அதுதான்.

பிரிட்டன் பெரிதும் நம்பியிருந்தவை ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் என்ற இரண்டு போர் விமானங்கள். இரண்டுக்கும் இதயம் ஒன்றே. ரோல்ஸ் ராய்ஸ் தயாரித்த மெர்லின் இன்ஜின். பன்னிரண்டு சிலிண்டர். 27 லிட்டர் கொள்ளளவு. நம் அம்பாசடர் இன்ஜின் 1,489 சி.சி. ஒரு மெர்லினுக்குள் பதினெட்டு அம்பாசடர் அடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் குதிரைசக்தி.

எதிரில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109. கிட்டத்தட்ட சம பலம். ஆனால், பிரிட்டிஷ் விமானிகள் சீக்கிரமே ஒரு பயங்கரத்தைக் கண்டுகொண்டார்கள்.

இப்படி நடக்கும். ஸ்பிட்ஃபயர் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டின் வாலைப் பிடித்துவிடும். இன்னும் சில நொடிகள். குறி கிடைத்துவிடும். சட்டென்று ஜெர்மன் விமானி தன் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளிச் செங்குத்தாகப் பாய்வான். துரத்துகிறவனும் மூக்கைத் தள்ளுவான். அவ்வளவுதான். 'கெக்' என்று மெர்லின் இருமும். சக்தி போய்விடும். எக்ஸாஸ்ட்டிலிருந்து குப்பென்று கரும்புகை. இன்ஜின் சுதாரித்து மறுபடி உறுமுவதற்குள் ஜெர்மன்காரன் புள்ளியாகிப் போயிருப்பான்.

துரத்தும்போது இப்படியென்றால் தொலைகிறது, எதிரி தப்பித்தான் என்று விட்டுவிடலாம். துரத்தப்படும்போது? வாலில் எதிரி. தப்பிக்க மூக்கைத் தள்ள வேண்டும். தள்ளினால் இன்ஜின் நிற்கும். தள்ளாவிட்டால் தோட்டா வரும். எதைத் தேர்ந்தெடுப்பது? அங்கே உட்கார்ந்திருந்த பையன்களில் பலருக்கு வயது இருபதைச் சுற்றித்தான்.

ஜெர்மானியர்களுக்கு இந்த ரகசியம் புரிந்துபோயிற்று. மாட்டிக்கொண்டால் மூக்கைத் தள்ளு, பின்னால் வருகிறவனின் இன்ஜின் திணறும். அவர்களுடைய இன்ஜினில் கார்புரேட்டரே கிடையாது. பம்ப் வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சினார்கள். தலைகீழாகப் பறந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

பிரிட்டிஷ் விமானிகள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். மூக்கைத் தள்ளுவதற்குப் பதில், முதலில் விமானத்தைப் பக்கவாட்டில் புரட்டித் தலைகீழாக்குவது. பிறகு கைப்பிடியை இழுத்துப் பாய்வது. இப்படிச் செய்தால் இன்ஜின் திணறாது. ஆனால் புரட்டுவதற்கு ஒன்றிரண்டு நொடி போய்விடும். நாம் காபி டம்ளரைக் கையில் எடுக்கிற நேரம். அங்கே அதுதான் ஒரு ஆயுள்.

*

'ரோல்ஸ் ராய்ஸ்காரர்களுக்கு மூளை இல்லையா? அவர்களும் பீய்ச்சுகிற முறையை வைத்திருக்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலும் நியாயமானது.

கையில் ஸ்பிரிட் பட்டால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? ஆவியாகிற எந்தத் திரவமும் பக்கத்தில் உள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெர்லினில் கார்புரேட்டர் தூவும் பெட்ரோல், சிலிண்டருக்குப் போகிற வழியிலேயே ஆவியாகிக் காற்றின் சூட்டை இருபது டிகிரிக்கு மேல் குறைத்தது. குளிர்ந்த காற்று சுருங்கும். சுருங்கினால் அதே இடத்தில் அதிகக் காற்று அடையும். அதிகக் காற்று, அதிக சக்தி. உயரத்தில் அந்தக் கூடுதல் சக்தி விலைமதிப்பில்லாதது.

ஆக, கார்புரேட்டர் அசட்டுத்தனத்தால் வந்ததில்லை. கணக்குப் போட்டு வைத்தது. நல்ல காரணத்துக்காக வைத்த ஒன்று, எதிர்பாராத ஒரு தருணத்தில் காலை வாரியது. யுத்த நடுவில் இன்ஜினைப் புதிதாக வடிவமைக்க நேரம் ஏது? இருக்கிற இன்ஜினை இருக்கிற இடத்திலேயே சரி செய்தாக வேண்டும்.

பிரச்னை ஃபார்ன்பரோவில் இருந்த ராயல் விமான ஆய்வு நிலையத்துக்கு வந்தது. அங்கே கார்புரேட்டர் ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங்.

*

1909-ல் ஹாம்ப்ஷயரில் ஒரு கசாப்புக்கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் சேர்த்து வைத்த காசில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். என்ன வண்டி தெரியுமோ? ராயல் என்ஃபீல்டு! பிற்காலத்தில் நம் சென்னைக்கு வந்து இங்கேயே குடியேறிவிட்ட அதே ராயல் என்ஃபீல்டு. வாங்கியதைக் கழற்றினார். மாட்டினார். மறுபடி கழற்றினார். இன்ஜினியராவது என்று முடிவு செய்துவிட்டார்.

1920-களின் இங்கிலாந்தில் ஒரு பெண் இப்படி முடிவெடுப்பது சாதாரண விஷயமில்லை. டெவன் பகுதியில் மார்கரெட் பார்ட்ரிட்ஜ் என்ற பெண் இன்ஜினியர் மின்சார கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். அவரிடம் அப்ரண்டிஸாகச் சேர்ந்து வீடு வீடாக ஒயரிங் செய்தார் ஷில்லிங். பார்ட்ரிட்ஜ்தான் இந்தப் பெண்ணைக் கல்லூரிக்குப் போகச் சொல்லி உந்தியவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் வகுப்பில் சேர்ந்தார். அந்த வகுப்பில் இவரையும் சேர்த்துப் பெண்கள் மொத்தம் இரண்டு பேர். 1932-ல் பட்டம். அடுத்த வருடம் இயந்திரவியலில் மேல்பட்டம்.

படிப்பு ஒரு பக்கம். ஓய்வு நேரத்தில் அம்மணி வேறு அவதாரம். லண்டனுக்கு அருகே ப்ரூக்லண்ட்ஸ் என்று ஒரு கான்கிரீட் பந்தயத் தடம். அங்கே தன் நார்ட்டன் மோட்டார் சைக்கிளைத் தானே டியூன் செய்து பந்தயம் ஓட்டினார். பந்தயத்தின்போது ஒரு சுற்றை மணிக்கு நூறு மைல் வேகத்துக்கு மேல் முடித்தால் தங்க நட்சத்திரம் கொடுப்பார்கள். 1934-ல் ஷில்லிங் அதை வாங்கினார். அந்தத் தடத்தின் சரித்திரத்திலேயே அதை வாங்கிய பெண்கள் மூன்றே பேர்.

இவர் கல்யாணம் பற்றி ஒரு கதை உண்டு. ஜார்ஜ் நெய்லர் என்பவர் இவரை விரும்பினார். 'நீயும் தங்க நட்சத்திரம் வாங்கிவிட்டு வா, அப்புறம் பேசலாம்' என்றாராம் ஷில்லிங். நிஜமாகவே சொன்னாரா, பிற்பாடு கைகால் முளைத்த கதையா, யார் கண்டது! நெய்லர் தங்க நட்சத்திரம் வாங்கியது நிஜம். 1938-ல் கல்யாணம் நடந்ததும் நிஜம்.

ஃபார்ன்பரோவில் 1936-ல் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த வேலை இன்ஜின்களைப் பற்றிக் கையேடு எழுதுவது. இன்ஜினைப் பிரிக்கத் தெரிந்தவரை உட்கார வைத்துப் பேப்பரைப் பிரிக்கச் சொன்னார்கள். விடாமல் முட்டி மோதித்தான் கார்புரேட்டர் பக்கம் வந்து சேர்ந்தார். அந்தப் பொறுப்பு கைக்கு வந்தபோது யுத்தம் ஆரம்பித்திருந்தது.

*

சரி, இப்போது இன்ஜின் ஏன் திணறியது?

பொருட்காட்சியில் ராட்டினம் ஏறியிருப்பீர்கள். உச்சிக்குப் போய்ச் சடாரென்று இறங்கும்போது வயிற்றுக்குள் என்னமோ மேலே கிளம்புமே, ஞாபகம் இருக்கிறதா? விமானத்தின் மூக்கைச் சட்டென்று தள்ளினால் அதுவே பல மடங்காக நடக்கும். விமானியின் உடம்பு இருக்கையை விட்டு மேலே எழும்பும். பெல்ட்தான் பிடித்து வைத்திருக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கிற பெட்ரோலும் மேலே எழும்பும். அதைப் பிடித்து வைக்க பெல்ட் கிடையாது.

பெட்ரோல் கிண்ணத்தின் கூரைக்குப் போய்விட்டது. இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிற துளை கீழே இருக்கிறது. துளை வெறும் காற்றை உறிஞ்சுகிறது. இன்ஜின் பட்டினி. இருமல்.

'கண்டுபிடித்தாயிற்று! பெட்ரோல் போகவில்லை, அதிகமாக அனுப்ப ஏற்பாடு செய்' என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். சிக்னலில் நின்ற காரில் இன்னும் பலமாக மிதித்தோமே, அதே புத்தி.

ஆனால், அந்தக் கரும்புகை? பட்டினி கிடக்கிற இன்ஜின் கரும்புகை விடாது. கரும்புகை என்றால் பெட்ரோல் எரியாமல் வழிகிறது என்று அர்த்தம். அஜீரணம்!

ஆக, அது ஒரு திணறல் இல்லை. அடுத்தடுத்து வந்த இரண்டு திணறல்கள். முதலாவது, மூக்கைத் தள்ளிய உடனே வருகிற சின்ன இருமல். ஒன்று, ஒன்றரை நொடி. அதைச் சமாளித்துவிடலாம். அதன் பின்னாலேயே வருவதுதான் எமன்.

மொட்டை மாடித் தொட்டியை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரெல்லாம் கூரைக்குப் போய்விட்டது என்றால் பந்து எங்கே போகும்? தண்ணீர் போன திசைக்கு எதிர்த்திசையில், அடிக்குப் போகும். பந்து அடியில் கிடந்தால் என்ன அர்த்தம்? தொட்டி காலி என்று அர்த்தம். குழாய் முழுசாகத் திறந்துகொள்ளும். கார்புரேட்டரிலும் மிதவை ஏமாந்துபோய் அடியில் உட்கார, பெட்ரோல் வருகிற வால்வு அகலத் திறந்தது. பம்ப் தன் முழு பலத்தோடு பெட்ரோலைக் கொட்டியது. இன்ஜின் அதிகபட்ச சக்தியில் குடிப்பதைவிட அதிகப் பெட்ரோல் வெள்ளமாக வந்தது. இன்ஜின் மூழ்கியது. கரும்புகை.

பட்டினியில் ஆரம்பித்து வெள்ளத்தில் முடிந்த விவகாரம். உயிரை வாங்கியது வெள்ளம். பட்டினி என்று நினைத்து இன்னும் பெரிய பம்ப் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

*

ஷில்லிங் கை வைத்தது இரண்டாவது திணறலில். அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. இந்த இன்ஜின் தலைகீழாக நின்று பேயாட்டம் ஆடினாலும், ஒரு நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? அந்த அளவு மட்டும் போகிற மாதிரி பெட்ரோல் குழாயில் ஒரு தடை வைத்தால் போதுமே! மிதவை ஏமாந்தால் ஏமாறட்டும். வால்வு அகலத் திறந்தால் திறக்கட்டும். வருகிற வழியிலேயே அளவு கட்டிவிட்டால் வெள்ளம் எங்கிருந்து வரும்?

அதைத்தான் செய்தார். கணக்காக ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகத் துண்டு. முதலில் தையல்காரர் விரலில் மாட்டுகிற தொப்பி போன்ற வடிவம். பிறகு தட்டையான வாஷர். நடுவில் ஓட்டை போட்ட காசு மாதிரி இருக்கும். அவர் பெயரோ ஷில்லிங்! விமானிகள் விடுவார்களா? அரசாங்கக் காகிதங்களில் 'ஆர்.ஏ.இ. ரெஸ்ட்ரிக்டர்' என்று கம்பீரமாகப் பெயர் இருந்தது. விமானத் தளங்களிலோ அது 'மிஸ் ஷில்லிங்கின் ஓட்டை'. கொஞ்சம் விஷமமான பெயர்தான். அப்போது அவர் கல்யாணமாகி மிஸஸ் நெய்லர் ஆகியிருந்தார் என்பதைப் பற்றியெல்லாம் யாரும் கவலைப்படவில்லை.

இதன் பெரிய அழகு, விமானத்தைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போக வேண்டியதில்லை. கார்புரேட்டருக்கு முன்னால் பெட்ரோல் குழாயைக் கழற்றி, வாஷரை உள்ளே வைத்து, திரும்ப மாட்டினால் முடிந்தது. ஒரு சின்னக் குழுவோடு ஷில்லிங்கே விமானத் தளம் தளமாகப் போனார். பந்தயம் ஓட்டிய நார்ட்டனிலேயே போவார் என்று சொல்வார்கள். 1941 மார்ச் வாக்கில் போர் விமானங்களில் இது பரவலாக மாட்டப்பட்டுவிட்டது.

தேதியைக் கவனித்தீர்களா? 1941 மார்ச். பிரிட்டன் யுத்தம் 1940 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 'பிரிட்டன் யுத்தத்தை ஒரு வாஷர் ஜெயித்துக் கொடுத்தது' என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அந்த நாலு மாதமும் பையன்கள் திணறுகிற இன்ஜினோடுதான் பறந்தார்கள். புரட்டிப் பாய்ந்துதான் சமாளித்தார்கள். முடியாதவர்கள் திரும்பி வரவில்லை. வாஷர் காப்பாற்றியது அதற்குப் பிறகு பறந்தவர்களை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வாஷர் எல்லாவற்றையும் குணப்படுத்தவில்லை. முதல் சின்ன இருமல் அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் தலைகீழாகப் பறக்கவும் முடியாது. மிதவையே இல்லாத, அழுத்தத்தில் வேலை செய்கிற புதுவகைக் கார்புரேட்டர்கள் பின்னால் வந்த மெர்லின்களில் பொருத்தப்பட்டபோதுதான் பிரச்னை முற்றாகத் தீர்ந்தது. அது வரும்வரை ஸ்பிட்ஃபயர்களைத் தாங்கிப் பிடித்தது ஒரு பெண் போட்ட ஓட்டை.

ஷில்லிங்குக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தார்கள். ஃபார்ன்பரோவிலேயே 1969 வரை வேலை பார்த்தார். மழையில் ஓடுபாதையில் விமானச் சக்கரம் வழுக்குவதைப் பற்றி ஆராய்ந்தார். 1967-ல் அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னியின் கார் அதிகமாகச் சூடாகிறது என்று அவர் குழுவினர் உதவி கேட்டதும் இவரிடம்தான். எல்லாம் இருந்தும் அந்த நிலையத்தின் உச்சிப் பதவிகள் அவருக்கு எட்டவே இல்லை. 1990-ல் காலமானார்.

*

நம் பழைய காருக்குத் திரும்புவோம். சும்மா ஒப்பிடுவதற்காக அதை இழுத்து வரவில்லை. இரண்டுக்கும் நிஜமாகவே சொந்தம் உண்டு.

அம்பாசடரின் தாய் வண்டி இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. அதில் இருந்தது எஸ்.யூ. கார்புரேட்டர். எஸ்.யூ. என்றால் ஸ்கின்னர் யூனியன். செருப்புக்கடைக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள் ஆரம்பித்த கம்பெனி. அவர்களுடைய முதல் கார்புரேட்டரில் இருந்த துருத்தியைத் தோலில்தான் செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பிரிட்டன் யுத்தத்தில் பறந்த மெர்லின்களில் இருந்த கார்புரேட்டரும் அதே எஸ்.யூ. தயாரிப்புதான். வடிவம் வேறு. கிண்ணமும் மிதவையும் அதே குடும்பம்.

ஆகவே, உங்கள் வண்டி திணறினால் ஷில்லிங் வழியில் போங்கள். முதலில் எப்போது என்று கவனியுங்கள். மிதித்த உடனே தயங்கி, பிறகு சரியாகிவிடுகிறதா? காற்று சட்டென்று பாய்ந்துவிட்டது, பெட்ரோல் பின்தங்கிவிட்டது. இந்த நொடிக்காகவே பல கார்புரேட்டர்களில் ஒரு குட்டி பம்ப் உண்டு. எஸ்.யூ.வில் என்றால் மேலே குப்பி போல இருக்குமே, அதில் ஊற்றுகிற ஆயில் வற்றியிருக்கும். இரண்டு ஸ்பூன் ஆயிலுக்காக மொத்தக் கார்புரேட்டரையும் மாற்றியவர்கள் உண்டு.

மிதித்ததும் நன்றாகக் கிளம்பி, வேகம் எடுக்க எடுக்கத் தொய்கிறதா? ஃபில்டரில் அடைப்பு இருக்கலாம், பம்ப் சோர்ந்திருக்கலாம். சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிந்தால் அது பட்டினி. இன்னும் மோசமானால் அஜீரணம். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பட்டினி. கரி அப்பியிருந்தால் அஜீரணம். மாநிறமாக இருந்தால் கார்புரேட்டர் பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். பாயின்ட்டையும் டைமிங்கையும் பாருங்கள்.

இப்போதைய கார்களில் இந்தத் தொல்லை இல்லை. கம்ப்யூட்டர் இருக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஒரே மாதிரியான பரிசோதனை வசதி கட்டாயம். ஸ்கேனரைச் செருகினால் கோளாறின் நம்பர் வரும். பி-0171 என்று வந்தால் பெட்ரோல் போதவில்லை. பி-0172 என்று வந்தால் பெட்ரோல் அதிகம். அதே பட்டினி, அதே அஜீரணம்! ஏன் போதவில்லை என்று அந்த நம்பர் சொல்லாது. எங்கோ காற்று கசிகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பம்ப் தளர்ந்துவிட்டதா? அதை ஒரு மனுஷன்தான் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்த தடவை உங்கள் மெக்கானிக் பானட்டைத் திறக்காமல், 'புகை வெள்ளையா, கறுப்பா சார்?' என்று கேட்டால் எரிச்சல் படாதீர்கள். யோசித்துப் பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்வி அற்பமானதில்லை. ஒரு காலத்தில், புகையின் நிறத்துக்குள் இருபது வயதுப் பையன்களின் உயிர் இருந்தது.